ஐந்து நாடு பார்த்த கூடாரம்

லண்டன் மனோர் பார்க் வீட்டின் மேல்மாடியில் இருந்த சின்ன அறைக்குள் போக வேண்டுமானால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டாகத்தான் போக முடியும். கதவுக்குப் பின்னால், பெரிய பச்சைப் பைக்குள், கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோல ஒரு கூடாரம் கிடந்தது. அதன்மேல் நான்கு ஸ்லீப்பிங் பேக்குகள், சுருட்டிய பாய்கள், மடக்கு மேசை, இரட்டை காஸ் அடுப்பு, மின்விளக்கு, முதுகுப் பைகள், மலையேறும் சப்பாத்துகள். எல்லாம் டென்மார்க்கில் வாங்கியவை. இருபது வருடத்துக்கு மேலாகியும் சப்பாத்தின் அடியில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை.

இவை ஏன் பாவிக்கப்படவில்லை என்பதற்குக் கணேசலிங்கத்திடம் நியாயமான காரணம் இருந்தது. சொந்தக்காரர்கள்.

டென்மார்க்கில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் கோடை முடிந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் ஏரிக்கரையில் கூடாரமடித்த கதையைத்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டு, ஒரு கோடை இறுதி மலிவு விற்பனையில் முழுச் செட்டையும் வாங்கிவந்தார். அடுத்த வருடம் ஜெர்மனியின் தெற்கே ஓர் ஏரி என்று முடிவாயிற்று. விஷயம் ஸ்டுட்கார்ட்டில் இருந்த சித்தப்பாவின் காதுக்கு எட்டியது. "நாங்கள் உயிரோடைதானே இருக்கிறம்?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் குடும்பம் இரண்டு வாரமும் சித்தப்பாவின் ஹோலில் படுத்தது. அதற்கடுத்த வருடம் சுவிஸ்; பேர்ன் நகரத்து மைத்துனர் எல்லை வரை வந்து காரை வழிமறித்தார். பிறகு பிரான்ஸ், ஹாலந்து. ஒவ்வொரு முறையும் கூடாரம் காரின் பின்பெட்டியில் போய், காரின் பின்பெட்டியிலேயே திரும்பி வந்தது. கடைசியில் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அதுவும் கூடவே வந்து இந்த அறைக்குள் படுத்துக்கொண்டது.

இப்போது மனைவி ஜெயகௌரிக்கு அந்த அறை வேண்டும். அவர் சேலைக்கு பிளவுஸ் தைப்பவர். கோயில் திருவிழாக் காலம் நெருங்கினால் முன்அறை முழுவதும் துணியாகிவிடும். தையல் இயந்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக் கோப்பையை வைக்க வேண்டும். மகள் கீர்த்திகா ஸ்ட்ரெதத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுடைய மாணவர்கள் கோடையில் காடு மலையென்று நடக்கப் போகிறார்கள், பாதிப் பேரிடம் ஒரு முதுகுப் பைகூட இல்லை என்று அவள் சொன்னதும் தாய்க்கு வழி பிறந்துவிட்டது. திங்கட்கிழமை பின்னேரம் வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போகச் சொல்லிவிட்டார். கணேசலிங்கத்துக்கு இது வியாழக்கிழமைதான் தெரியவந்தது.

அவர் மறுக்கவில்லை. பிள்ளைகள் பாவிப்பார்கள் என்றால் எந்த முகத்தோடு மறுப்பது? ஆனால் அன்று இரவு சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். அறுபது வயது தாண்டிய, பஸ் டிப்போவில் நாற்பது பேரை மேய்க்கிற மனிதர், கோப்பையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"குடுப்பம். ஆனால் ஒருநாள் அதுக்குள்ளை படுத்துப்போட்டுக் குடுப்பம்."

"புதுசாய்க் கிடக்கிற சாமானை ஊத்தையாக்கிப்போட்டோ குடுக்கப்போறியள்?" என்றார் ஜெயகௌரி.

"ஒரே ஒருநாள், ஜெயா. பிறகு நான் வாய் திறக்கமாட்டன்."

ஜெயகௌரி சனிக்கிழமை தைக்க வேண்டிய இரண்டு பிளவுஸைப் பற்றி முணுமுணுத்தபடி எழுந்துபோனார். அவருடைய அகராதியில் அது சம்மதம்.

இடம் தேடுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. வேல்ஸ் கடற்கரையில் ஜெயகௌரியின் ஒன்றுவிட்ட தம்பி கடை வைத்திருக்கிறான். நோர்ஃபோக்கில் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெற்றோல் நிலையம். தூரத்து ஊர்களில் ஒன்றிரண்டு தமிழ்க் குடும்பங்கள்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒரு சொந்தக்கார முகத்தைக் கண்டால் லேசில் விடமாட்டார்கள். வரைபடத்தில் எங்கே விரலை வைத்தாலும் அங்கே ஒரு சோபா கட்டில் விரிந்து கிடந்தது. கடைசியில் கணேசலிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. லண்டனிலிருந்து லண்டனுக்கே ஒருவர் சுற்றுலா போவார் என்று எவரும் நினைக்கமாட்டார்கள். எப்பிங் காட்டின் ஓரத்தில், வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார் ஓட்டத்தில் ஒரு கூடாரத் திடல் இருந்தது. ஓர் இரவுக்கு இடம் பதிவு செய்தார். கீர்த்திகாவைத் தவிர வேறு யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று ஜெயகௌரியிடம் சொன்னார். திடலுக்குள் நுழைந்ததும் இரண்டு கைபேசிகளையும் அணைத்துக் காருக்குள் போட்டுப் பூட்டினார்.

பக்கத்து இடத்தில் இறங்கிய இளம் வெள்ளைக்காரச் சோடி தங்கள் கூடாரத்தை எழுப்பி, தேநீரும் குடித்து, புத்தகத்தை விரித்துக்கொண்டு படுத்துவிட்டது. கணேசலிங்கம் இன்னும் கம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். செய்முறைத் தாள் டேனிஷ் மொழியில் இருந்தது. மொழிப் பரீட்சையில் அவரைவிட எப்போதும் கூடப் புள்ளி வாங்கிய ஜெயகௌரி, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு ஒவ்வொரு வரியாக உரத்து வாசித்தார். அந்தப் பாஷை அவர்கள் வாயில் வந்து வருடக்கணக்காகியிருந்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு பேருக்குமே அர்த்தம் மறந்துபோய், அது முளையா கயிறா என்று வாதாடி, கடைசியில் இரண்டையும் செய்து பார்த்தார்கள். மத்தியானம் தாண்டிய பிறகு கூடாரம் எழுந்து நின்றது. ஒரு பக்கம் கொஞ்சம் தோள் சரிந்திருந்தது. மற்றப்படி நல்ல கூடாரம். மூன்று படுக்கை அறைகள், நடுவில் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரு கூடம்.

கணேசலிங்கம் உள்ளே போய் வாசல் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடினார். பச்சை வெளிச்சத்துக்குள் சும்மா நின்றார். புதுத்துணி மணம் இன்னும் போயிருக்கவில்லை. வெளியிலிருந்து ஜெயகௌரி, குடித்தனக்காரர் தண்ணீர் அள்ளி வருவாரா அல்லது அங்கேயே நின்று தவம் செய்வாரா என்று கேட்டார்.

கணேசலிங்கம் காற்சட்டையைக் கழற்றிச் சாரம் கட்டிக்கொண்டு, வாளியோடு குழாயடிக்குப் போனார். அப்போதுதான் ஒருவன் அவரைக் கண்டுவிட்டான்.

கண்டவன் நிரூபன், கணேசலிங்கத்தின் பெரியம்மா மகள் கமலாம்பிகையின் மகன். டாக்ஸி ஓட்டுகிறவன். ஒரு குடும்பத்தை அந்தத் திடலில் இறக்கிவிட வந்திருந்தான். பழைய சாரமும் கையில் வாளியுமாய் மாமா நடந்து போவதையும், தூரத்தில் ஒரு சரிந்த கூடாரத்தின் முன்னால் குந்தியிருந்து மாமி வெங்காயம் உரிப்பதையும் அவன் பார்த்தான். மாமிக்குப் பக்கத்தில் சட்டி பானை, தலையணை, அரிசிப் பை. சொந்த வீடுள்ள தமிழர்கள் இப்படி இருந்து அவன் பார்த்ததில்லை. வீடு போய்விட்டது என்று நினைத்தான். அந்தக் கோலத்தில் தான் கண்டதாக அவர்களுக்குத் தெரிந்தால் கூசிப்போவார்களே என்று, நல்ல பிள்ளையாக, குரல் கொடுக்காமல் காரைத் திருப்பினான். வீதிக்கு வந்ததும் தாய்க்குப் போன் அடித்தான்.

கமலாம்பிகை இல்ஃபோர்டில் இருக்கிறார். எழுபது வயது, ஆனால் குரலுக்கு இன்னும் நாற்பதுதான். அவர் கணேசலிங்கத்துக்கும் ஜெயகௌரிக்கும் அடித்துப் பார்த்தார்; இரண்டு கைபேசியும் அணைக்கப்பட்டிருந்தன. அதுவே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. கீர்த்திகாவுக்கு அடித்தார். அவள் சிரித்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் கேம்பிங் போயிருக்கிறார்கள் என்றாள். பெற்றோரின் மானத்தைக் காப்பாற்றப் பிள்ளை சிரித்துச் சமாளிக்கிறது என்று கமலாம்பிகை முடிவுகட்டினார். மேல்அறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். இருந்த சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் அடுக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு நிரூபனின் காரில் ஏறினார்.

ஆகவே, கோழிக்கறி கொதித்து, மடக்கு மேசையில் கோப்பைகள் வைக்கப்பட்டு, கணேசலிங்கம் மடக்குக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருபது வருடக் காத்திருப்பின் முதல் பெருமூச்சை விட்ட நேரத்தில், அந்தப் பெருமூச்சுக்கு நேரெதிரே கமலாம்பிகை சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்தபடி புல்லுக்குள் வந்துகொண்டிருந்தார்.

"கணேசு," என்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோடா?"

விஷயத்தை விளங்கப்படுத்தக் கால்மணி நேரம் பிடித்தது. வீடு அப்படியே இருக்கிறது, வீட்டுக் கடனில் ஒரு தவணையும் பாக்கியில்லை, புருஷன் பெண்சாதிக்குள் சண்டையுமில்லை. இது ஒரு பொழுதுபோக்கு. அதோ பாருங்கள், அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். கமலாம்பிகை அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் மரியாதையாகக் கையசைத்தார்கள். நிரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், காது சிவந்திருந்தது.

நம்பிய பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"வீடு போயிருந்தாலும் நான் பொறுத்திருப்பன். உன்ரை வீடும் இருக்கு, பக்கத்திலை என்ரை வீடும் இருக்கு. ரெண்டையும் விட்டிட்டுக் காட்டுக்கை வந்து படுக்கிறாய். சனம் என்னைத்தானே கேக்கும், அக்காக்காரி கதவைச் சாத்திப்போட்டாளோ எண்டு. எழும்பு. கறியையும் எடுங்கோ. வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

ஸ்டுட்கார்ட் சித்தப்பாவுக்கும் பேர்ன் மைத்துனருக்கும் மறுப்புச் சொல்ல முடியாத கணேசலிங்கம் இந்த அக்காவுக்கு எப்படிச் சொல்வார்? டென்மார்க்கிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியபோது அவர்களை மாதக்கணக்கில் தன் வீட்டில் வைத்திருந்தவர். கீர்த்திகாவுக்கு இங்கே பள்ளிக்கூடம் தேடிக் கொடுத்ததும் அவர்தான். "எழும்பு" என்று அவர் சொன்னால் எழும்ப வேண்டியதுதான். கணேசலிங்கம் எழுந்தார். றப்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு, தோள் சரிந்த பக்கம் போய், முதல் முளையின் பக்கத்தில் குந்தினார். கையிலிருந்த மாம்பழத்தைப் பறிகொடுத்த பையனுடையதுபோல இருந்தது அவர் முகம்.

"அந்த முளையிலை கை வையாதேங்கோ," என்றார் ஜெயகௌரி.

அவர் அடுப்படியிலிருந்து எழும்பவில்லை. கறிச் சட்டியை இறக்கி மூடி வைத்தார். குளிர்ப் பெட்டிக்குள்ளிருந்து, தேநீருக்குக் கொண்டுவந்த பாலை எடுத்தார். சின்னச் சில்வர்ச் சட்டியைக் கழுவித் துடைத்தார்.

"மச்சாள், நல்ல நேரத்திலைதான் வந்திருக்கிறியள். நாங்கள் இன்னும் பால் காய்ச்சேல்லை. குடும்பத்திலை மூத்த ஆள் நீங்கள். உங்கடை கையாலை ஒருக்கால் பொங்க வைச்சுவிடுங்கோ."

குடிபுகும் வீட்டில் பால் காய்ச்ச அழைத்தால் மறுப்பது கமலாம்பிகையின் வழக்கத்தில் இல்லை. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் பாலைப் பொங்க வைத்த கை அது.

"இதுக்கென்ன பால்?" என்றார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "துணிதானே."

"துணி எண்டாலும் கூரை போட்டிருக்கு. மூண்டு அறை கிடக்கு. ஹோலும் கிடக்கு. எங்கடை பேரிலைதான் எடுத்தது."

கமலாம்பிகை தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். படுக்கை அறைகளைப் பார்த்தார். வாசல் எந்தத் திசை என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. நிரூபன், செய்த பிழைக்குப் பரிகாரம் கிடைத்த மகிழ்ச்சியோடு, கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து புல்லுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். கிழக்கு, கழிவறைக் கட்டடம் இருந்த பக்கம். அதற்குக் கமலாம்பிகை சம்மதிக்கவில்லை. வடக்கும் பாதகமில்லை என்று தீர்ப்புச் சொல்லி, அடுப்பைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

அவர் கதிரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாலைச் சட்டிக்குள் விட்டார். காற்று தீயை அலைக்கழித்தது. கணேசலிங்கமும் நிரூபனும் ஒரு பாயை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் கூடாரத்துச் சோடியும் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து, என்னவென்று தெரியாமலேயே, பயபக்தியோடு நின்றது. பால் விளிம்புக்கு ஏறி, தயங்கி, ஒரே வீச்சில் எல்லாப் பக்கமும் வழிந்தது. வெள்ளைக்காரப் பெண் கை தட்டினாள்.

"நல்லாய்ப் பொங்கியிருக்கு," என்றார் கமலாம்பிகை. தொழில்காரர் தன் வேலையைப் பார்த்துத் திருப்திப்படும் குரல் அது.

ஆளுக்கொரு மிடறு குடித்த பிறகு ஜெயகௌரி கேட்டார்.

"மச்சாள், பால் காய்ச்சின அண்டு ராத்திரி வீட்டிலை ஆக்கள் படுக்கத்தானே வேணும்?"

மனோர் பார்க் வீடு வாங்கியபோது அங்கே கரன்ட் இணைப்பு வந்திருக்கவில்லை, கட்டிலும் இல்லை. பால் காய்ச்சிய வீட்டை அன்று இரவு ஆளில்லாமல் விடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று அவர்களை வெறும் நிலத்தில் படுக்க வைத்தவர் இதே கமலாம்பிகைதான். கணேசலிங்கம் ஜெயகௌரியைப் பார்த்தார். ஜெயகௌரி, ஒன்றும் தெரியாதவர்போல, பால் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கள்ளி," என்றார் கமலாம்பிகை. பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் வந்து, கதிரையோடு சேர்த்து அவரை ஆட்டியது. "படுக்கத்தான் வேணும். ஆர் இல்லையெண்டது? விளக்கும் ஒண்டு எரிய வேணும்."

பற்றறி விளக்கைக் காட்டினார்கள். அவர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் விருந்து. கத்தரிக்காய்க் கறியும் கோழிக்கறியும் மேசையில் சேர்ந்தன. பக்கத்துச் சோடிக்கும் ஒரு கோப்பை போயிற்று. உறைப்பில் மூக்கை உறிஞ்சியபடி கோப்பையை வழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நிரூபன் மாமாவிடம் மூன்றாம் முறையாக மன்னிப்புக் கேட்டான். மாமா அவனுக்குக் கோழிக்கால் ஒன்றை வைத்தார். இருட்டுவதற்கு முன் நிரூபன் காரை எடுத்தபோது, தாயார் கதிரையை விட்டு எழும்பவில்லை. புது வீட்டில் மூத்த ஆள் ஒருவர் துணைக்கு இருப்பதுதான் முறை என்றார். காலையில் வந்து ஏற்றச் சொன்னார்.

கமலாம்பிகைக்கு நடு அறை. அவருடைய குறட்டைக்கும் காட்டு ஆந்தைக்கும் இடையில் கணேசலிங்கத்துக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. விடியும்போது இடுப்பு ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாய்ப் பிடித்திருந்தது. ஆனாலும் ஜிப்பைத் திறந்து, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று, காட்டுக்கு மேலே மஞ்சள் பரவுவதைப் பார்த்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. தொழிற்சாலையில் அந்த மனிதர்கள் சொன்னது பொய்யில்லை. பார்த்தாயிற்று. படுத்தாயிற்று. இனிக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அக்காவை நிரூபனோடு அனுப்பிவிட்டு, வீடு திரும்பும் வழியில் அதை ஜெயகௌரியிடம் சொன்னார். நாளைக்கு முழுவதையும் கீர்த்திகாவிடம் கொடுத்துவிடலாம், தனக்கு ஒரு குறையுமில்லை என்றார்.

ஜெயகௌரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடாரத்தைக் குடுக்கேலாது," என்றார்.

"ஏன்? நீர்தானே அறை வேணுமெண்டு கரைச்சல் குடுத்தனீர்?"

"பால் காய்ச்சினதை ஆரும் குடுப்பினமோ?"

"அது நீர் அக்காவுக்குச் செய்த விளையாட்டெல்லோ?"

ஜெயகௌரி அவர் பக்கம் திரும்பினார். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"இவ்வளவு காலத்திலை ஒரு லீவிலையாவது நான் மற்றாக்களின்ரை குசினிக்கை நிக்காமல் இருந்திருக்கிறனோ, சொல்லுங்கோ பாப்பம். ஜெர்மனியிலை புட்டு அவிச்சன். சுவிஸிலை றொட்டி சுட்டன். பரிஸிலை அவையின்ரை கோப்பையெல்லாம் கழுவினன். நீங்களெல்லாம் ஹோலிலை இருந்து கதைச்சியள். நேற்றைக்குத்தான் முதன்முதலாய் நான் வெளிக்கிட்டுப் போன இடத்திலை என்னட்டை ஆக்கள் வந்தது. நான் வாங்கோ எண்டன், இருங்கோ எண்டன், சாப்பிடுங்கோ எண்டன்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒருவர் ஹோன் அடிக்கும் வரை கணேசலிங்கம் காரை எடுக்கவில்லை. இருபது வருடமும் இழந்தது தான் மட்டும்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் கீர்த்திகா, பள்ளிக்கூட வேனோடு வந்தாள். முதுகுப் பைகளும் சப்பாத்துகளும் பாய்களும் வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. கூடாரம் இருக்கவில்லை. அவள் தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, you promised."

"நான் குடுக்க ரெடி," என்றார் கணேசலிங்கம். "அம்மாட்டைக் கேள்."

ஜெயகௌரி மேலேயிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சின்ன அறையில் தையல் இயந்திரம் ஏறிவிட்டது, கூடாரம் தங்கள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது என்றார். பிள்ளைகளுக்கு அவ்வளவு பாரமான கூடாரத்தைச் சுமக்கவும் ஏலாது என்றார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சின்னக் கூடாரம் தாங்களே வாங்கித் தருவதாகவும், அதற்கு இரண்டு பிளவுஸ் கூடுதலாகத் தைத்தால் போதும் என்றும் சொன்னார். கீர்த்திகா, கிடைத்ததை ஏற்றலாம் என்று ஸ்லீப்பிங் பேக்குகளை வாரியெடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.

"பொறு பிள்ளை," என்று ஜெயகௌரி பின்னால் போய் மேலிருந்த மூன்றை உருவியெடுத்தார். "ஓகஸ்டிலை திரும்பப் போறம். இல்ஃபோர்ட் மாமி இப்பவே கேட்டுப் போன் அடிச்சவ. தன்ரை அறையை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாமாம்."